சாயத்தின் கீழ் மறைந்த பழமெருகு

பாட்டன் காலத்து அலமாரி ஒன்று வீட்டின் பின்கட்டில் கிடக்கிறது. அதன்மேல் பச்சைச் சாயம். அதற்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே ஏதோ பழுப்பு. ஓரிடத்தில் சாயம் உரிந்தபோது உள்ளே தேக்கின் செம்பொன் நிறம் தெரிகிறது. வீட்டார்க்கு ஆசை பிறக்கிறது. கடைக்குச் சென்று சாயநீக்கி ஒரு டின் வாங்குகின்றனர், உப்புத்தாளும் வாங்குகின்றனர். இரண்டு நாள் உழைப்பில் அலமாரி புத்தம் புதியது போலாகிவிடுகிறது. அண்டை வீட்டார் வந்து பார்த்துப் புகழ்கின்றனர். ஆயினும் அந்த இரண்டு நாளில் அவ்வீட்டார் இழந்தது யாது என்பதை ஒருவரும் எண்ணுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அம்மரத்தின்மேல் நின்ற பழைய மெருகு, சாயத்தோடு சாயமாகக் குப்பைக்குப் போய்விட்டது. இனி அதனை எவராலும் மீட்டுத்தர இயலாது.

பழைய மரப்பொருளின் மேலுள்ள சாயத்தைக் களைவது ஒன்று. மரத்தையே மொட்டையாக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணியதால் பாழான பழம்பொருள்கள் பல. சாயத்துக்கும் மரத்துக்கும் இடையே மூன்றாவது பொருள் ஒன்று இருக்கக்கூடும். அதுவே அப்பொருளைச் செய்தவன் தன் கையால் இட்ட முதல் மெருகு. சாயத்தை நீக்கும் கலை மரத்தைத் தேடிச் செல்லும் கலையன்று. அம்மெருகு கண்ணுக்குப் பட்டவுடன் கையை நிறுத்திக்கொள்ளும் கலை.

மெருகு என்பது யாது?

அறுத்து இழைத்த மரம் ஈரத்தை உறிஞ்சும், அழுக்கைப் பற்றும், வெயிலில் நிறம் மாறும். ஆகவே அதன்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை இடுவது தச்சரிடையே பண்டுதொட்டு வரும் வழக்கம். அப்படலங்களைப் பொதுவாக நால்வகையாகப் பகுக்கலாம். தேன்மெழுகு முதலிய மெழுகுகள் ஒரு வகை. ஆளிவிதை எண்ணெய் போன்று காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய்கள் இரண்டாம் வகை. அத்தகைய எண்ணெயில் பிசினைக் காய்ச்சிக் கலந்த எண்ணெய் வார்னிஷ் மூன்றாம் வகை. எரிசாராயத்தில் பிசினைக் கரைத்துப் பூசுவது நான்காம் வகை.

நான்காம் வகையில் தலைசிறந்தது அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டங்கூட்டமாக வாழும் சிறு பூச்சி ஒன்று தன் உடலிலிருந்து கசியவிடும் பிசினே அரக்காகும். கிளையோடு ஒடித்து எடுப்பது கொம்பரக்கு. அதனைத் தட்டிக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் வணிகத்தில் ஷெல்லாக் எனப்படும் செதிள் அரக்கு கிடைக்கிறது. பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகையை அறியாத தமிழர் இலர். அந்த அரக்கே கடல் கடந்து சென்று மேனாட்டு மாளிகைகளின் மேசை நாற்காலிகளுக்கெல்லாம் மெருகானது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்னும் முறை பரவியது. எரிசாராயத்தில் கரைத்த அரக்கைக் கம்பளித் திண்டு ஒன்றில் நனைத்து, அத்திண்டைத் துணியால் பொதிந்து, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகப் பல முறை தேய்ப்பதே அம்முறை. ஒவ்வொரு தேய்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஏறும். எத்தனை முறை தேய்த்தாலும் முடிவில் அம்மெருகின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் இராது. இவ்வளவு மெல்லிய படலம் நூறாண்டு நிற்பது வியப்பே. அதனை அழிக்க ஒரு நாழிகை போதும் என்பதும் அதே அளவு உண்மை.

மலாய்த் தீவுக்கூட்டத்தின் காடுகளும் இவ்வரலாற்றில் பங்கு பெற்றவை. மலாய் மொழியில் ‘டாமார்’ என்றும் தமிழில் குங்கிலியம் என்றும் வழங்கும் பிசின் இக்காடுகளின் மரங்களிலிருந்து வடித்தெடுக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர்களின் கைக்கு மேற்பூச்சாகச் சென்று சேர்ந்தது. பிசினை விளைவித்த நாட்டவர் அதன் தன்மையை அறிந்திருப்பது பொருத்தமே.

தச்சன் இட்ட மெருகின்மேல் காலமும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஒளி பட்டுப் பட்டு மரத்தின் மேற்பரப்பு நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் மிக மெல்லிய ஆழத்துக்கே செல்கிறது. கைபடும் இடங்கள் வழுவழுப்பாகின்றன. இழுப்பறையின் பிடியைச் சுற்றிக் கருமை படிகிறது. விளிம்புகள் தேய்ந்து மழுங்குகின்றன. இவையெல்லாம் சேர்ந்தே பழம்பொருளுக்குரிய தோற்றம் உண்டாகிறது. உப்புத்தாள் கொண்டு ஒரு முறை நன்றாகத் தேய்த்தால் அவை யாவும் தூளாய்ப் போய், நேற்று அறுத்த பலகை போன்ற பச்சை மரமே எஞ்சும்.

மெருகு அழகுக்கு மட்டும் உரியதன்று. அது சான்றும் ஆகும். எடுத்துக்காட்டாக, நைட்ரோ செல்லுலோஸ் என்னும் செயற்கைப் பொருளாலான லாக்கர் மரச்சாமான்களின்மேல் பெருவழக்காகப் பூசப்பட்டது 1920-களுக்குப் பின்னரே. அதற்கு முந்தியதாகக் கூறப்படும் நாற்காலி ஒன்றின் முதல் பூச்சு அதுவாக இருப்பின், அந்நாற்காலியின் வயதைப் பற்றியோ, அதன் பழைய மெருகு எங்கே போயிற்று என்பதைப் பற்றியோ ஐயம் எழுவது முறையே. மெருகை முற்றும் துடைத்தெறிந்தபின் இக்கேள்வியைக் கேட்கவும் வழியில்லை.

புளோரன்ஸ் நகரம் தரும் பாடம்

மேற்பூச்சின் கீழே எத்தகைய செல்வம் மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரம் இரண்டு சான்றுகளைத் தருகிறது. அவை வீட்டுச் சாமான்கள் அல்ல, மரச் சிற்பங்கள். ஆயினும் பாடம் ஒன்றே.

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோனத்தெல்லோ என்னும் பெருஞ்சிற்பி மகதலேனா மரியாளின் உருவத்தை மரத்தில் செதுக்கினார். நோன்பினால் உடல் வற்றி, நீண்ட கூந்தலே ஆடையாகக் கொண்டு நிற்கும் அவ்வுருவம் ஏறத்தாழ ஓர் ஆள் உயரமுள்ளது. பிற்காலத்தார் அதன்மேல் கரும்பழுப்புப் பூச்சைத் தடவிவிட்டனர். இருண்ட நிறமே அச்சிற்பத்தின் இயல்பு என்று கண்டவர் எண்ணினர். 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு கரைபுரண்டு நகருக்குள் புகுந்தபோது சிற்பமும் வெள்ளத்தில் பழுதுற்றது. அதனைச் செப்பனிட முற்பட்ட வல்லுநர்கள் கரும்பூச்சைச் சிறிது சிறிதாக அகற்றினர். உள்ளே மேனியின் இயல்பான நிறமும், கூந்தலில் ஓடிய பொற்கோடுகளும் வெளிப்பட்டன. துறவின் துயரம் மட்டும் தெரிந்த உருவத்தில் ஒளியும் இருந்தமை அப்போதுதான் விளங்கியது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1962ஆம் ஆண்டில், அந்நகரின் சாந்தோ ஸ்பிரிட்டோ மடத்தில் மார்கிரிட் லிஸ்னர் என்னும் ஜெர்மன் அம்மையார் மரத்தாலான சிலுவையுருவம் ஒன்றைக் கண்டார். அதன்மேல் தடித்த பிற்காலச் சாயம் ஏறியிருந்தமையால் சிற்பத்தின் நுட்பம் தெரியாதிருந்தது. மைக்கலாஞ்சலோ இளமையில் அம்மடத்துக்குச் செய்தளித்ததாகப் பழைய நூல்கள் குறிப்பிட்ட சிலுவை அதுவே என்று அம்மையார் கருதினார். மேற்சாயம் நீங்கி மென்மையான உடலமைப்பு வெளிப்பட்டபின் அறிஞர் பலர் அக்கருத்தை ஏற்றுக்கொண்டனர்.

இவ்விரு சிற்பங்களையும் முன்னொரு காலத்தில் யாரேனும் ஒருவர் காரநீர் ஊற்றித் தேய்த்து ‘சுத்தமாக்கி’ இருந்தால் என்னவாகியிருக்கும்? கரும்பூச்சோடு பொற்கோடும் போயிருக்கும். மேற்சாயத்தோடு அடிச்சாயமும் போயிருக்கும். பிழையாகப் பூசியவனைக் காட்டிலும் பிழையாக நீக்குபவன் பெருந்தீங்கு செய்கிறான். பூசியவன் மறைத்தான்; நீக்குபவனோ அழித்துவிடுகிறான்.

முதலில் வேண்டுவது அறிதல்

எப்பொருளாயினும் முதல் நாள் வேலை பார்ப்பதே; சுரண்டுவதன்று. கீலின் பின்புறம், பூட்டுத் தகட்டின் அடி, கதவின் உள்விளிம்பு, கைப்பிடி திருகிய இடம் ஆகியவற்றில் பழைய மெருகு பெரும்பாலும் கைபடாது தங்கியிருக்கும். ஒரு திருகாணியைக் கழற்றித் தகட்டை அகற்றிப் பார்த்தால் பொருளின் முதல் நிறம் இன்னது என்பது பல வேளைகளில் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

அடுத்து, மறைவான ஓரிடத்தில் ஒரு சென்டிமீட்டர் சதுர அளவுக்குச் சாளரம் ஒன்று திறக்கப்படும். கூரிய அறுவைக்கத்தியால் மேற்சாயத்தை மட்டும் சிறிது நீக்கி, அதற்குள் இன்னும் சிறிய சதுரத்தில் அடுத்த சாயத்தை நீக்கி, இவ்வாறு படிக்கட்டுப் போல் இறங்கிச் சென்றால் அடுக்குகளின் வரிசை தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று கையிலிருப்பின் சாயங்களின் நடுவே மெல்லிய கரிய கோடுகளும் தென்படும். அவை அழுக்கு. மெருகுக்கும் சாயத்துக்கும் இடையே அழுக்கு இருந்தால், மெருகிட்டு நெடுநாள் கழித்தே சாயம் ஏறியது என்பது பொருள். அழுக்கே இல்லையெனின் எச்சரிக்கை வேண்டும். அச்சாயம் பொருளைச் செய்தவனே பூசியதாகவும் இருக்கலாம்.

அருங்காட்சியக ஆய்வுக்கூடங்களில் இதே ஆய்வு மேலும் நுட்பமாக நடைபெறுகிறது. குண்டூசித் தலையினும் சிறிய துணுக்கு ஒன்றை எடுத்து, அதனைத் தெளிந்த பிசினில் பதித்து, குறுக்காக இழைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பர். அப்போது சாயங்களும் மெருகுகளும் அழுக்கும் பாறையடுக்குகளைப் போல் வரிசையாகத் தோன்றும். புற ஊதா விளக்கும் துணை செய்கிறது. இருட்டறையில் அவ்வொளி பட்டால் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மரப்பிசின் வார்னிஷ்கள் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும்.

விளக்கு இல்லாதவர்க்குப் பஞ்சுச் சோதனை உண்டு. மெருகு வெளிப்பட்ட மறைவிடத்தில், குச்சியில் சுற்றிய சிறு பஞ்சினால் முதலில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் மெழுகு இளகி வரும். அடுத்து எரிசாராயம். சில விநாடிகளில் பரப்புப் பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது பெரும்பாலும் அரக்கு. மிகப் பழைய அரக்கு சற்று மெதுவாகவே இளகும். எரிசாராயத்துக்கு அசையாமல், லாக்கருக்குரிய தின்னர் பட்டவுடன் இளகினால் அது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கராகலாம். எதற்கும் எளிதில் இணங்காதது எண்ணெய் வார்னிஷ். இச்சோதனைகளைக் கடுகளவு இடத்திலேயே செய்ய வேண்டும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மேலே இருப்பது இன்னது, கீழே இருப்பது இன்னது என்று இரண்டும் தெரிந்தாலொழிய, மேலுள்ளதை மட்டும் பெயர்க்கும் வழி தெரியாது. அதற்காகவே.

நீக்கும் முறைகளும் அவற்றின் தீங்குகளும்

மிகப் பரவலான முறை எரிசோடா. எண்ணெய்ச் சாயத்தை எரிசோடா நீர் சவர்க்காரமாக மாற்றிவிடும். ஆகவே சாயம் எளிதில் கழன்றுவிடும். ஆனால் அரக்கும் காரத்தில் கரையும் இயல்புடையது. சாயம் போகும்போது மெருகும் உடன் போகிறது. அதனோடும் நில்லாது, பழைய தச்சர்கள் மூட்டுகளை இணைத்த வச்சிரப்பசையையும் காரநீர் இளக்கிவிடும். மேல் ஒட்டிய மெல்லிய பலகைத் தகடுகள் பெயர்ந்துவிடும். ஓக், மகாகனி போன்ற மரங்கள் கறுத்துவிடும். மரத்தின் நார் எழுந்து பரப்புச் சொரசொரப்பாகும். சாமான்களை முழுதாகத் தொட்டியில் அமிழ்த்தி எடுக்கும் முறை இவ்வெல்லாத் தீங்குகளையும் ஒருங்கே தருவது.

இரண்டாவது, வெப்பம். அனல் ஊதும் கருவியைக் காட்டினால் சாயம் கொப்புளித்து எழும். ஆயின் அரக்கு ஏறத்தாழ 75 முதல் 80 பாகை சென்டிகிரேடிலேயே இளகுவது. கருவியின் அனலோ அதனினும் பன்மடங்கு மிக்கது. சாயம் கொப்புளிக்கும் முன்னரே கீழுள்ள மெருகு உருகிச் சாயத்தோடு கலந்துவிடும். கீழே காப்பதற்கு ஒன்றுமில்லை என்று உறுதியானாலன்றி அனலை அண்டவிடலாகாது.

மூன்றாவது, கடைகளில் விற்கும் சாயநீக்கிகள். இவற்றில் நெடுங்காலம் பெரும்பங்கு வகித்தது டைகுளோரோமீதேன் என்னும் நீர்மம். அது எச்சாயத்தையும் விரைந்து கிளப்பும். எம்மெருகையும் அவ்வாறே கிளப்பும். அதன் ஆவி உடலுக்குள் சென்றால் அங்குக் கார்பன் மோனாக்சைடாக மாறுவது. அடைத்த அறையில் அதனைப் பயன்படுத்தி உயிரிழந்தோர் உண்டு. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் 2012 வரையுள்ள காலத்தில் பொதுமக்கள் பயன்படுத்தும் சாயநீக்கிகளில் அதனை விலக்கியது. அமெரிக்க நாடும் 2019ஆம் ஆண்டில் அவ்வாறே தடை விதித்தது. பழைய டின் ஒன்று வீட்டு மூலையில் இருக்குமாயின் அதனைத் திறவாதிருப்பதே நன்று.

நான்காவது, பொறுமையின் முறை. கருவி சிறியது, நேரம் பெரிது. இறுகிய எண்ணெய்ச் சாயம் வழவழப்பான அரக்கின்மேல், அதிலும் மெழுகும் அழுக்கும் படிந்த அரக்கின்மேல், உறுதியாகப் பற்றுவதில்லை. இவ்விரண்டும் கூடும் எல்லையே பலவீனமான இடம். அறுவைக்கத்தியை ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து மெல்லத் தள்ளினால், சாயம் செதிள் செதிளாகத் தெறித்து வீழும். கீழே மெருகு அப்படியே நிற்கும். எலும்பாலோ மூங்கிலாலோ செய்த மழுங்கிய சுரண்டியும் உதவும். சாயம் பூசிய பழைய நாற்காலிகளின்மேல் பிற்காலத்தில் ஏறிய சாயங்களை அகற்றி முதற்சாயத்தை வெளிப்படுத்துவதற்கு வல்லுநர்கள் கையாளும் வழியும் இதுவே. ஒரு நாளில் ஒரு முழம் முன்னேறினால் அது நல்ல நாள்.

மேலே இருப்பது இக்கால நீர்ச்சாயமாயின் வேறொரு வழி உண்டு. எரிசாராயம் அச்சாயத்தை இளக்கும். ஆனால் அரக்கையும் இளக்கும். சைலீன், டாலுவீன் என்னும் நீர்மங்களோ நீர்ச்சாயத்தை மென்மையாக்கும்; அரக்கைக் கரைப்பதில்லை. இவ்வேறுபாடே திறவுகோல். துணியில் சிறிதளவு நனைத்து, சிறு பரப்பில் வைத்து, இளகிய சாயத்தை மழுங்கிய சுரண்டியால் தள்ளிவிடலாம். ஆயினும் இந்நீர்மங்கள் தீப்பற்றக்கூடியவை. ஆவி தலைசுற்றலைத் தருவது. காற்றோட்டமுள்ள திறந்தவெளியும், நீர்மம் ஊடுருவாத கையுறையும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

கரைப்பானை நீர்மமாக ஊற்றாமல் கூழாக்கிப் பயன்படுத்துவது மற்றொரு நுட்பம். நீர்மம் பொசிந்து கீழ்ப்படலத்துக்குள் இறங்கிவிடும். கூழோ வைத்த இடத்திலேயே நின்று மேற்படலத்தில் மட்டும் வேலை செய்யும். எத்தனை நிமிடம் வைப்பது என்பதையும் அளவிடலாம். 1980-களில் அமெரிக்க வல்லுநர் ரிச்சர்டு வோல்பர்ஸ் இத்தகைய கூழ்களை வகுத்து வளர்த்ததன் பயனாக, மரச்சாமான்கள், ஓவியங்கள் ஆகியவற்றைத் துலக்கும் பணி பெரிதும் முன்னேறியது.

எண்ணெய் வார்னிஷின்மேல் எண்ணெய்ச் சாயம் ஏறியிருப்பதே கடினமான நிலை. இரண்டும் ஒரே குலத்தவை. ஒன்றை இளக்குவது மற்றொன்றையும் இளக்கும். அங்கு வேதியியல் கைகொடுப்பது அரிது. உருப்பெருக்கியின் கீழ் கத்தியால் அணு அணுவாகப் பிரிப்பதே வழி. அத்தகைய பொருள் விலைமதிப்பு மிக்கதாயின் தேர்ந்த பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

ஈயம் என்னும் நஞ்சு

பழைய சாயங்களைப் பற்றிப் பேசுவோர் ஈயத்தை மறத்தல் ஆகாது. வெள்ளீயச் சுண்ணம் எனத்தக்க ஈயக் கார்பனேட், பல நூற்றாண்டுகளாக வெள்ளைச் சாயத்தின் உயிர்ப்பொருளாக விளங்கியது. உலர்வதை விரைவுபடுத்துவதற்கும் மஞ்சள், சிவப்பு நிறங்களைத் தருவதற்கும் ஈயச் சேர்மங்கள் பயன்பட்டன. அமெரிக்க நாடு வீட்டுச் சாயங்களில் அதனை 1978ஆம் ஆண்டிலேயே தடுத்தது. ஆகவே சென்ற தலைமுறைகளின் சாயம் எதுவாயினும் அதில் ஈயம் உண்டு என்று கொண்டே வேலை தொடங்க வேண்டும்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பழைய சாயத்தை உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் அதன் தூசி வீடெங்கும் பரவும். தவழும் குழந்தையின் கைவழி வாய்க்குச் செல்லும். அனல் காட்டினால் புகையாக எழும். பாட்டன் அலமாரியைப் புதுப்பிக்கும் ஆசையில் பேரனின் உடல்நலத்தைப் பணயம் வைப்பது எவ்வளவு பெரிய பிழை!

ஆகவே உலர் தேய்ப்பு அறவே கூடாது. செதிள்களைச் சுரண்டும்போது பரப்பில் சிறிது நீர் தெளித்து ஈரமாக்கலாம். அரக்கு வெளிப்பட்ட இடத்தில் ஈரம் தங்கினால் வெண்மை பூக்குமாதலால் உடனே துடைத்துவிட வேண்டும். கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இடுவதும், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிவதும், வேலை உடையைத் தனியே துவைப்பதும், உணவுண்ணுமுன் கை கழுவுவதும் கட்டாயம். குழந்தைகளும் கருவுற்ற மகளிரும் அவ்விடத்தை அணுகலாகாது. துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே தக்கது.

வெளிப்பட்ட மெருகைக் காத்தல்

சாயம் நீங்கி மெருகு வெளிப்பட்டபின், அதன் தோற்றம் பலரை ஏமாற்றமடையச் செய்யும். அங்கங்கே வெடிப்பு, கீறல், நிற வேறுபாடு, பழைய சாயத்தின் ஓரிரு புள்ளிகள் ஆகியவை தெரியும். முழுவதையும் களைந்து புதிதாகப் பூசிவிடலாம் என்ற ஆவல் இங்குதான் மீண்டும் தலைதூக்கும். அதனை அடக்குவதே இவ்வேலையின் கடைசிப் படி.

அரக்கு மெருகுக்கு ஒரு நற்பண்பு உண்டு. எவ்வளவு பழையதாயினும் புதிய அரக்கை அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நன்கு நீர்த்த அரக்குக் கரைசலைத் திண்டினால் ஓரிரு முறை மெல்லத் தடவினால், நுண்ணிய வெடிப்புகள் கூடிப் பரப்பு உயிர் பெறும். மெருகு முற்றும் அழிந்த இடத்தில் மட்டும் அரக்கில் நிறம் கலந்து தொடலாம். அழியாத இடத்தின்மேல் புதுநிறம் ஏறலாகாது. இட்டது பிழையென்று பின்னர்த் தோன்றின் திரும்ப எடுக்கத்தக்க பொருளையே இட வேண்டும் என்பது பாதுகாப்பியலின் பொதுவிதி. பாலியூரித்தேன் வார்னிஷ் இவ்விதிக்குப் பொருந்தாது. அது இறுகியபின் பழைய மெருகைச் சிதைக்காமல் அதனை அகற்றுதல் அரிது.

ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் வினிகரும் கலந்து தடவும் பழைய கைமருந்து ஒன்று உண்டு. தொடக்கத்தில் பளபளப்பைத் தரும். ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் இறுகிக் கறுத்து நீக்கவியலாத பிசுக்காகும். அதனைத் தவிர்ப்பது நலம். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மெல்லிய தேன்மெழுகுப் பூச்சு ஒன்றை ஆண்டுக்கு ஒரு முறையோ அதனினும் அரிதாகவோ இட்டு மென்துணியால் தேய்ப்பதே போதுமானது.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் இடம் தேர்வதிலும் கருத்து வேண்டும். பகலில் குளிர்சாதனமும் இரவில் திறந்த சன்னலுமாக மாறி மாறி வைத்தால் மரம் சுருங்கியும் விரிந்தும் வெடிக்கும். மெருகும் அதனோடு பிளக்கும். நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள, ஈரம் பெரிதும் ஏறி இறங்காத இடமே ஏற்றது. சூடான குவளையை அரக்கு மெருகின்மேல் வைத்தால் வெள்ளை வளையம் தோன்றுவதை அறியாதார் இல்லை. கீழே ஒரு சிறு தட்டு அதனைத் தடுத்துவிடும்.

நீக்கலாகாத சாயமும் உண்டு

எல்லாச் சாயமும் பகையன்று. இங்கிலாந்தில் பைன் மரச் சாமான்கள் சாயம் பூசுவதற்கென்றே மலிவாகச் செய்யப்பட்டவை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெறும் பைன் மரத்தின் தோற்றம் அங்கு நாகரிகமாயிற்று. எண்ணற்ற அலமாரிகளும் பெட்டிகளும் காரத் தொட்டிகளில் அமிழ்த்தப்பட்டன. அவற்றைச் செய்தவர் கண்டிராத ஒரு தோற்றத்தைப் ‘பழமை’ என்று நம்பி, உண்மையான பழமையை மக்கள் கழுவிவிட்டனர். நிறமிட்ட பரப்பே அப்பொருள்களின் முதல் மெருகு என்பதை அவர்கள் எண்ணவில்லை.

பழங்கட்டடங்களையும் நினைவுச்சின்னங்களையும் பேணுவதற்காக 1964ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் இதற்கு நல்லதோர் அளவுகோலைத் தருகிறது. ஒவ்வொரு காலமும் சேர்த்த தக்க பங்கினை மதிக்க வேண்டும். மேலுள்ளது சிறப்பற்றதாகவும், கீழுள்ளது பெருமதிப்புடையதாகவும், அது நல்ல நிலையில் இருப்பதாகவும் உள்ளபோதே மேலுள்ளதை அகற்றலாம் என்பது அதன் கருத்து. கட்டடத்துக்குக் கூறிய அவ்விதி ஒரு நாற்காலிக்கும் பொருந்தும்.

வழிபாட்டிலுள்ள பொருள்களின் நிலை வேறு. கோயில்களின் மர வாகனங்கள் குடமுழுக்கையும் திருவிழாவையும் ஒட்டிப் புதுவண்ணம் பெறுவது வழிவழி வந்த தொண்டு. அதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் புதுவண்ணம் ஏறுமுன் பழைய வண்ணத்தைப் படமெடுத்து வைப்பதும், காணாத மூலை ஒன்றில் அதனைச் சிறிதளவு விட்டு வைப்பதும் எவ்வழிபாட்டுக்கும் இடையூறன்று. வீட்டுச் சாமானிலும் அவ்வாறே, நீக்கும் சாயத்தில் ஒரு சிறு சதுரத்தைப் பின்புறத்தில் சாட்சியாக விட்டு வைக்கலாம். வருங்காலத்தார் கேட்கும் கேள்விக்கு அச்சதுரம் விடை கூறும்.

வேலை தொடங்குமுன் ஒரு படம். திறந்த சாளரத்துக்கு ஒரு படம். முடிந்தபின் ஒரு படம். எதைக் கொண்டு நீக்கினர், எதைப் பூசினர் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி இழுப்பறையின் அடியில் வைத்தால், நூறாண்டு கழித்து அப்பொருளைத் தொடுபவனுக்கு அது பெரும் உதவி.

பின்கட்டில் கிடக்கும் பாட்டன் அலமாரிக்கு மீண்டும் வருவோர், சாயநீக்கியை வாங்குமுன் ஒரு கீலைக் கழற்றிப் பார்ப்பாராக. தகட்டின் அடியில் விரலகல இடத்தில் பழைய அரக்கு மின்னக்கூடும். அது மின்னுமாயின் இரண்டு நாள் வேலை இரண்டு மாத வேலையாகும். பாட்டன் கைபட்ட மெருகு பேரன் கைக்கு வந்து சேர அவ்விரண்டு மாதம் மிகையன்று.